காப்புக்காடு

சென்ற கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடுதியிலிருந்து வந்திருந்த மகள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்: "பொங்கல் கழிஞ்சு நாங்க அஞ்சு பேர் மலைக்கு டிரெக்கிங் போறோம்மா. பேர் குடுக்கட்டுமா?"

"வேண்டாம்" என்றேன்.

எந்த மலை, எத்தனை நாள், யாருடன், வழிகாட்டி உண்டா என்று ஒன்றும் கேட்கவில்லை. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மா நிமிர்ந்து பார்த்தார். "நீ கேட்டப்ப நானும் இப்டித்தான் சொன்னேன்" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. கீரையில் பூச்சி இருக்கிறது என்று சொல்லும் அதே குரல். ஆனால் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

பதினேழு ஆண்டுகளாக வகுப்பறையில் பெண்ணுக்கு விதிக்கப்பட்ட எல்லைகளைப் பற்றிப் பேசிச் சம்பளம் வாங்குகிறவள் நான். என் கவிதைகளில் கதவுகளும் தாழ்ப்பாள்களும் நிறைய வரும். அந்தத் தாழ்ப்பாள் என் நாக்கிலேயே இருந்திருக்கிறது. அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஒருவர் இன்னொருவரைப் பார்த்துப் "போகாதே" என்று சொல்லும் உரிமையை எப்போது பெறுகிறார்? அன்பினாலா, வயதினாலா, ஆபத்தை முன்பே பார்த்திருப்பதாலா?

என் ஊர் கூரம். காஞ்சிபுரத்தை ஒட்டிய கிராமம். வைணவர்களுக்கு அது கூரத்தாழ்வானின் ஊர். வரலாறு படிப்பவர்களுக்குக் கூரம் செப்பேடு. 7ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்த அந்தச் செப்பேட்டில், பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற கால்வாயை வெட்டி ஏரிக்கு நீர் கொண்டுவந்த செய்தி இருக்கிறது. பள்ளி ஆசிரியராக இருந்த என் அப்பா இதைச் சொல்லிச் சிரிப்பார். "நம்ம ஊர்ல ஆத்தையே வீட்டாண்ட கூட்டியாந்துட்டாங்க. பொம்பளைங்க ஆத்தைத் தேடிப் போற வேலையே இல்ல."

எனக்கு விவரம் தெரிந்தபோது பாலாறு வெறும் மணலாகத்தான் கிடந்தது. ஓடும் ஆற்றைப் பாடப்புத்தகத்தில்தான் பார்த்தேன். பத்தொன்பது வயதில், கல்லூரியில் ஒகேனக்கல்லுக்குச் சுற்றுலா ஏற்பாடு செய்தார்கள். இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே காவிரி ஓடும், பரிசலில் போகலாம் என்று தோழிகள் சொன்னார்கள். அம்மா வேண்டாம் என்றார். அப்பா இன்னும் கொஞ்சம் இதமாகச் சொன்னார்: "கல்யாணம் ஆனதும் அவரோட போம்மா." கல்யாணம் ஆனது. அவருக்குத் தண்ணீரில் விருப்பம் இல்லை.

இதைச் சொல்லும்போது என் மாணவிகள் சிரிக்கிறார்கள், பிறகு சட்டென்று அமைதியாகிறார்கள். அவரவர் வீட்டு ஒகேனக்கல் நினைவுக்கு வந்துவிடுகிறது.

நம் வீடுகளில் பெண்கள் எங்குமே போவதில்லை என்று சொல்ல முடியாது. என் அம்மா பௌர்ணமி தவறாமல் திருவண்ணாமலைக்குப் போவார். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். இரவு முழுக்க வெறுங்காலுடன் ஆயிரக்கணக்கான பெண்களோடு நடப்பார். யாரும் அதை 'டிரெக்கிங்' என்று சொல்வதில்லை, யாரும் தடுப்பதும் இல்லை. கோயில், ஆஸ்பத்திரி, கல்யாணம், சாவு: இந்த நான்கில் ஒன்று கையில் இருந்தால் பெண் எந்த நேரத்திலும் பேருந்து ஏறலாம். ஒரு மலை எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக மட்டும் ஏற முடியாது. அதற்குக் காரணம் கேட்பார்கள், அவளிடம் காரணம் இருக்காது. நம்மிடம் மறுக்கப்பட்டிருப்பது நடை அல்ல என்று நினைக்கிறேன். காரணம் இல்லாமல் போவது.

'காப்பு' என்ற சொல்லை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நூலின் முதலில் பாடுவது காப்பு. கர்ப்பிணியின் கையில் பூட்டுவது காப்பு. பருவமடைந்த தலைவியை வீட்டுக்குள் நிறுத்துவதை அகப்பாடல் மரபில் இற்செறிப்பு என்பார்கள். அவளைச் சூழ்ந்திருப்பது காவல். வெள்ளைக்காரன் காலத்தில் காட்டுக்கு எல்லை கட்டியபோது அதற்கும் நம் மொழி இதே சொல்லைத்தான் எடுத்துக் கொடுத்தது: காப்புக்காடு. உள்ளே இருப்பதைக் காப்பதற்காக வெளியே இருப்பவரை நிறுத்துவது. பெண்ணின் விஷயத்தில் மட்டும் இது தலைகீழாகிவிடுகிறது. அவளைக் காப்பதற்காக நிறுத்தப்படுபவளும் அவளே.

இதையெல்லாம் மேசையில் உட்கார்ந்து எழுதிவிட்டு எழுந்துவிடலாம். ஆனால் மகளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. மார்கழி விடுமுறையில் ஒரு வேலை செய்தேன். பிஎச்.டி. காலத்து விடுதித் தோழி ஒருத்தி சத்தியமங்கலத்தில் இருக்கிறாள். அவள் அம்மாவின் வீடு மாயாற்றுப் பள்ளத்தாக்கில், தெங்குமரகடாவில். "வாடி, வாடி" என்று இருபது வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். இந்த முறை வருகிறேன் என்றேன். "என்ன விசேஷம்?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன். எனக்கே அது புதிதாக இருந்தது.

கூரத்திலிருந்து காஞ்சிபுரம் வரை நகரப் பேருந்து. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 'ஓசி டிக்கெட்' என்று சிலர் பழித்தாலும், அந்தச் சீட்டைக் கையில் வாங்கும்போது வீட்டில் யாரிடமும் காசு கேட்கத் தேவையில்லாத ஒரு தூரம் பெண்ணுக்குக் கிடைத்திருக்கிறது. அதற்கு மேல் வேலூர், சேலம், ஈரோடு என்று மாறி மாறிக் காசு கொடுத்துப் போனேன். ஒவ்வொரு பேருந்திலும் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்டார்: "யாரைப் பாக்கப் போறீங்க?" முதலில் தோழியை என்றேன். ஈரோட்டுக்கு அப்புறம் தைரியம் வந்து, "ஆத்தை" என்றேன். அந்த அம்மா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "எந்தக் கோயில் அது?" என்று கேட்டார்.

மாயாறு நீலகிரியில் பைக்காராவாகப் பிறந்து, முதுமலையைக் கடந்து, பெரும் பிளவு ஒன்றுக்குள் இறங்கிக் கிழக்கே ஓடி, பவானிசாகர் அணையில் பவானியோடு சேர்கிறது. ஒரு பக்கம் முதுமலை, மறுபக்கம் 2013இல் அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். பள்ளத்தாக்குக்குள் வெளியார் நினைத்தபடி போக முடியாது, அனுமதி வேண்டும். தோழி முன்பே எழுதி வாங்கி வைத்திருந்தாள். பவானிசாகரைத் தாண்டியதும் சோதனைச்சாவடியில் பேருந்து நின்றது. பெயர், ஊர், யார் வீடு, திரும்பும் நாள் எல்லாம் குறித்துக்கொண்டார்கள். ஆச்சரியமாக, எனக்குக் கோபம் வரவில்லை. இதே கேள்விகளை அப்பா கேட்டபோது கோபம் வந்தது. ஏன் என்று அப்போது தெரியவில்லை.

காட்டுச் சாலையில் பேருந்து ஆடி ஆடிப் போனது. அரிசி மூட்டை, கோழித்தீவனம், பள்ளி விடுமுறைக்குத் திரும்பும் பிள்ளைகள், மருந்துச் சீட்டோடு ஒரு பாட்டி. ஆற்றங்கரையோடு பேருந்துக்கு வேலை முடிந்தது. ஊர் அக்கரையில். பரிசலில் ஏறினோம். நாற்பத்தாறு வயதில், ஓடும் ஆற்றின் மேல் முதன்முதலாக உட்கார்ந்தேன்.

தோழியின் அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். மறுநாள் காலை அவரிடம், ஆற்றோரமாகவே மேற்கே நடந்து மலைப்பிளவு தொடங்கும் இடம் வரை போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"அது ஆகாது கண்ணு" என்றார். உடனே அடுத்த வாக்கியமும் வந்தது. "இந்த மாசம் பாறு கழுகு முட்டை வெச்சிருக்கும். ஆள் நடமாட்டம் இருந்தா கூட்டை விட்டுப் பறந்துரும். அப்பறம் பொழுது சாயறப்ப ஆனை தண்ணிக்கு எறங்கும், அது போற தடத்துல நாம நிக்கக் கூடாது. காலைல எட்டு மணிக்கு மேல வா. அந்த நீர்மருது மரம் வரைக்கும் நானே கூட வாறேன்."

நடந்தோம். ஒரு மைல் இருக்கலாம். தெற்கே நீலகிரி சுவர்போல எழுந்து நின்றது. உச்சியில் கோடநாடு காட்சிமுனை இருக்கும் திசையைக் காட்டினார். மேலே நின்று பார்ப்பவர்களுக்கு இந்த ஊர் ஒரு பச்சைத் திட்டு மட்டும்தான். மருதமரத்தடியில் நின்று மேற்கே பார்த்தேன். இரண்டு மலைகளுக்கு நடுவே வானம் ஒடுங்கிக்கொண்டே போனது. அங்கிருந்துதான் இந்தத் தண்ணீர் வருகிறது. தூரத்தில் ஒரு பாறு, சிறகு அடிக்காமல் வட்டமிட்டது. தென்னிந்தியாவில் எஞ்சியிருக்கும் வெண்முதுகுப் பாறுகளில் பெரும்பங்கு இந்தப் பள்ளத்தாக்கில்தான் கூடு கட்டுகிறது. ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்தால் நாடு முழுவதும் இந்த இனம் அழிந்துவந்து, 2006இல் அந்தக் கால்நடை மருந்து தடை செய்யப்பட்டது. அந்த ஒரு முட்டைக்காக நான் ஒரு மரத்தடியோடு திரும்ப வேண்டும் என்றால் திரும்பலாம். திரும்பினேன். தோற்றுப்போன உணர்வே இல்லை.

அந்த ஒரு மைலில்தான் எனக்குச் சில விஷயங்கள் பிடிபட்டன.

அந்த அம்மா சொன்னதும் "போகாதே"தான். ஆனால் அதில் காரணம் இருந்தது. எதுவரை போகலாம் என்ற எல்லை இருந்தது. எப்போது போகலாம் என்ற காலம் இருந்தது. "நான் கூட வாறேன்" என்ற பொறுப்பு இருந்தது. முக்கியமாக, அது எனக்கு மட்டும் சொன்னதல்ல. அவர் மகனுக்கும், ஏன், அவருக்கேயும் அதே எல்லைதான். என் அப்பாவின் மறுப்பில் இவை எதுவும் இல்லை. என் தம்பி அடுத்த ஆண்டு அதே ஒகேனக்கல்லுக்குப் போய்வந்தான்.

கேரளத்தின் அகத்தியர்கூடம் நினைவுக்கு வந்தது. ஆண்டுதோறும் அந்த மலைக்கு நடைப்பயண அனுமதி கொடுத்த வனத்துறை, பாதை கடினமானது என்று சொல்லிப் பெண்களையும் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் விலக்கியே வைத்திருந்தது. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம், பாலினத்தைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்றது. 2019 ஜனவரியில் தன்யா சனல் உச்சிக்கு ஏறினார். பாதை ஓர் அங்குலம்கூட மாறவில்லை, மாறியது பட்டியல்தான். அந்த மலையைத் தெய்வமாக வழிபடும் காணி மக்கள் இதை எதிர்த்ததையும் மறைக்க விரும்பவில்லை. அவர்களுடைய தெய்வத்துக்கு நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் வனத்துறை தெய்வத்தின் பெயரில் தடுக்கவில்லை, என் பாதுகாப்பின் பெயரில் தடுத்தது. அந்தப் பெயரில் தடுப்பதென்றால் என் காலையும் மூச்சையும் சோதிக்கட்டும். ஒரு வலுவற்ற ஆண் போகலாம், ஒரு வலுவான பெண் போகக் கூடாது என்றால் அங்கே காக்கப்படுவது வேறு ஏதோ.

"அப்போ குரங்கணி?" என்று கேட்பீர்கள். என் அம்மாவும் அதைத்தான் கேட்டார். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். பலர் இளம் பெண்கள். அந்தச் செய்தி வந்த இரவு எங்கள் தெருவில் கேட்ட பேச்சை மறக்க முடியாது. "பொண்ணுங்களுக்கு மலைல என்ன வேலை?" செத்த ஆண்களைப் பற்றி யாரும் அப்படிக் கேட்கவில்லை. உண்மையில் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் வேறு: புல் காய்ந்து கிடக்கும் மாதத்தில் ஏன் போனார்கள், யார் அழைத்துப் போனார்கள், யார் அனுமதித்தார்கள், தீ வந்தால் எந்தப் பக்கம் இறங்குவது என்று யாராவது சொன்னார்களா? "பெண்ணுக்கு என்ன வேலை" என்ற ஒரே கேள்வி இந்த எல்லாக் கேள்விகளையும் விழுங்கிவிட்டது. என் "வேண்டாம்"உம் அதைத்தான் செய்தது. என் பயம் பொய்யில்லை. ஆனால் பயத்தைத் தகவலாக மாற்றும் வேலையை நான் செய்யவில்லை. சோம்பலை அன்பு என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே நிறுத்தினால் காட்டின் தடை நியாயம், வீட்டின் தடை அநியாயம் என்று சுலபமாக முடிந்துவிடும். அந்த அம்மா அப்படி முடிக்க விடவில்லை. அன்றிரவு, வெள்ளம் போன ஒரு ஐப்பசியில் வயிற்றுப் பிள்ளையோடு பரிசலில் ஏறிய கதையைச் சொன்னார். நடு ஆற்றில் வலி கண்டதாம். பிறந்தவள்தான் என் தோழி. பிறகு ஊரை இடம் மாற்றும் பேச்சு வந்தது. புலிகள் காப்பகத்துக்காக இந்த ஊர் மக்களைக் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் கொடுத்து வெளியே குடியமர்த்தும் விஷயம் உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஊரில் போகலாம் என்பவர்களும் உண்டு; பிள்ளைகளின் படிப்பு, ஆஸ்பத்திரி, யானை தின்ற வெள்ளாமை என்று அவர்களுக்கும் காரணம் இருக்கிறது. அந்த அம்மா விறகை உள்ளே தள்ளியபடி சொன்னார்: "பொழுதோட காட்டுக்குள்ள போகாதேங்கறதும் அவிகதான். ஊரை விட்டுப் போங்கறதும் அவிகதான். ரெண்டையும் எங்கூட உக்காந்து பேசினா நான் ஏன் மாட்டேங்கறேன்?"

நான் விட்டுவைத்திருந்த ஒன்று அதுதான். காரணம் இருக்கலாம், எல்லாருக்கும் பொதுவாகவும் இருக்கலாம். ஆனால் அதன் சுமையைச் சுமப்பவருக்கு அந்த முடிவில் ஒரு குரல் வேண்டும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், உரிமைப் பட்டாவைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் தர வேண்டும் என்கிறது. கிராம சபையைக் கேட்க வேண்டும் என்கிறது. காட்டைக் காப்பது பற்றிய ஒரு சட்டத்தில் பெண்ணின் பெயரையும் எழுதத் தோன்றியவர்களை நான் வணங்குகிறேன். பாறுக்குப் பேச வாய் இல்லை, அதற்காக நாம் யூகித்துத் தடை போடுகிறோம். அந்த அம்மாவுக்கு வாய் இருக்கிறது. என் மகளுக்கும் இருக்கிறது. வாய் இருப்பவர்களைப் பாறு போல நடத்துவதுதான் தவறு. சோதனைச்சாவடியில் எனக்கு ஏன் கோபம் வரவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. அங்கே என் பெயரைக் கேட்டார்கள், நான் திரும்பும் நாளை என்னிடமே கேட்டார்கள்.

திரும்பி வரும்போது, சேலத்துக்கும் வேலூருக்கும் நடுவே, எத்தனையோ முறை பாடம் நடத்திய மலைபடுகடாம் வேறு மாதிரி நினைவுக்கு வந்தது. பத்துப்பாட்டில் 583 அடிகள் கொண்ட ஆற்றுப்படை. பரிசு பெற்று வந்த கூத்தர், இனிப் போகப்போகும் கூட்டத்துக்கு நன்னனின் மலைநாட்டு வழியைச் சொல்கிறார். அந்தக் கூட்டத்தில் விறலியரும் இருக்கிறார்கள். வழியில் பன்றிக்கு வைத்த பொறிகள் உண்டு, பாம்பு உண்டு, தினைப்புனம் காப்பவர் வீசும் கவண்கல் உண்டு, வழுக்கும் பாறை உண்டு. ஒவ்வொன்றையும் சொல்லி, இங்கே இப்படிக் கடந்து போங்கள், இருட்டினால் குகையில் தங்குங்கள் என்கிறது பாட்டு. அவ்வளவு ஆபத்தைச் சொல்லியும், பெண்கள் இருக்கிறார்கள், போகாதீர்கள் என்று சொல்லவில்லை. அந்தப் பாட்டில் வரும் சேயாறு எங்கள் மாவட்டத்துக்குள் வந்து, திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கும் அதே செய்யாறுதான். ஆறு என்றால் வழி என்றும் பொருள். இதைப் பலமுறை கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன்.

விறலியர் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. அவர்கள் வயிற்றுப்பாட்டுக்காக நடந்தவர்கள். அதே இலக்கியத்தில் குலமகள் உடன்போக்கில் ஓர் ஆணோடு மட்டுமே பாலையைக் கடக்கிறாள். எங்களுக்குப் பக்கத்தில், திருவாலங்காட்டோடு சேர்த்துச் சொல்லப்படும் காரைக்கால் அம்மையாரோ, பெண்ணுடலை உதறிப் பேய் வடிவம் கேட்டு வாங்கிய பிறகுதான் தனியாக நடக்கிறார். தனியே போக அந்த விலை கொடுக்க வேண்டியிருந்தது. என் மகள் எந்த விலையும் கொடுக்காமல், அவளாகவே போக வேண்டும்.

ஊர் வந்து சேர்ந்த மறுநாள் மகளைத் தொலைபேசியில் அழைத்தேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அன்று கேட்காத கேள்விகளைக் கேட்டேன். எந்தப் பாதை? 2024இல் அரசு திறந்த நாற்பது பாதைகளில் ஒன்று. வழிகாட்டி? அந்த மலைக் கிராமத்துக்காரர். யாருக்காவது அடிபட்டால் எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு தூரம்? தெரியவில்லை என்றாள். "விசாரிச்சுட்டு கூப்பிடறேம்மா." ஒரு மணி நேரத்தில் கூப்பிட்டு, ஊர்ப் பெயரோடு சொன்னாள். அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கு அவள்மேல் வந்த நம்பிக்கை, பத்தொன்பது வருஷம் கண்காணித்தபோது வரவில்லை.

எங்கள் ஊரில் வாசல் தாண்டும் யாரையும் பார்த்து "பாத்துப் போ" என்பார்கள். ஆபத்து இருக்கிறது, கண்ணைத் திறந்து வை, போ. தினமும் நூறு முறை சொல்கிறோம். அம்மா கீரைக்காரிக்குச் சொல்கிறார், நான் மாணவிகளுக்குச் சொல்கிறேன். சொந்த மகளுக்கு மட்டும் பாதியில் நிறுத்தியிருந்தேன்.

பொங்கல் கழிந்து அவள் கிளம்பிய அன்று விடியற்காலையில், பேருந்து நிறுத்தம் வரை மூவரும் நடந்தோம். அம்மா ஒரு டப்பாவில் புளிசாதம் கட்டிக் கொடுத்தார். பேருந்து வரும்போது நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே சொல்லிவிட்டார்: "பாத்துப் போம்மா. அங்க ஆறு இருந்தா ஆயாவுக்கு ஒரு போட்டோ எடுத்துக்கினு வா."